நாற்பத்தொரு வினாடி

மடி கொடுக்க வேண்டிய மாமன் மஸ்கட்டில்.
அவன் பார்க்கட்டுமென்றுதான்
பாண்டிகோயில் காதுகுத்தை வலையேற்றினேன்.

பக்கத்துப் பந்தலில், எவர் வீட்டு மொட்டைக்கோ,
குழாய் ஸ்பீக்கர் பாடியிருக்கிறது.
நான் கேட்ட பாட்டில்லை,
காதைப் பொத்திக்கொண்ட பாட்டு.
அது ஒரு கம்பெனிக்குச் சொந்தமாம்.
நாற்பத்தொரு வினாடிச் சத்தத்தை
அறுத்துவிட்டார்கள்.
கிடாயின் கத்தலும் அதோடு போயிற்று.

ஆசாரி ஊசியை இறக்குகிறார்.
முத்தரசி வாயைத் திறக்கிறாள்.
உள்நாக்கு தெரிகிறது.
அவ்வளவுதான்.

ஆட்சேபிக்க ஒரு படிவம் இருந்தது:
இந்த ஒலியின் உரிமையாளர் நீங்கள்தானா?
பாட்டுக்கு, இல்லை.
அழுகைக்குத் தனிக் கட்டமில்லை.

அசல் இருந்த போன்
ஒத்தக்கடை பஸ்ஸில் தொலைந்தது.

நாலு வயதில் அவளே பார்த்துவிட்டு
தோட்டைத் திருகியபடி கேட்கிறாள்:
எனக்கு வலிக்கவே இல்லையாப்பா?