திரைக்கு முன்னால் ஒரு தோணி

விழாவின் தலைப்பு 'இல்லாத இடங்கள்.'
அதை அச்சடித்த பேனரில்
இரண்டாம் நாளே மூன்று ஓட்டை போட்டிருந்தது
மட்டக்களப்புக் காற்று.

பழைய ஐஸ் தொழிற்சாலைக்குள் புகைப்படங்கள்.
உப்பு ஊறிய சுவர், டேப் பிடிக்காது.
ஏறாவூர் இல்ஹாம் போய்
உடுப்புக் காயப்போடும் கிளிப்பு இரண்டு டசின் வாங்கிவந்தான்.
கொடியில் தொங்கின அவன் எடுத்த ஊர்கள்:
வாவிக்கு அடியில் ஓடும் பஸ்,
நடத்துனர் ஒரு மீனுக்கு மிச்சக்காசு கொடுக்கிறார்;
மாடு மேயும் மேகம்;
கச்சேரி வாசலில் வரிசையாய்க் கதிரைகள்,
ஆட்கள் இல்லை,
ஒவ்வொரு கதிரையின் மடியிலும் ஒரு ஃபைல்.
அதற்கு முன்னால்தான் சனம் அதிக நேரம் நின்றது.
"இது கற்பனை இல்ல தம்பி," என்றார் ஒருவர்,
"நான் பதினோராவது கதிரை."

எனக்குத் தந்த வேலை புரொஜெக்டர்.
வாடகைக்கு எடுத்தது. கல்யாண வீடுகளுக்குப் போய்ப் பழகியது.
நீலத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்.
கல்லடிப் பக்கம், இடுப்பளவு தண்ணீரில்
நாலு கமுகந்தடி நட்டு வெள்ளைத்துணி கட்டினோம்.
கரையில் ஜெனரேட்டர். அதன் இரைச்சல்தான்
எல்லாப் படத்துக்கும் பின்னணி இசை.

ஏழரைக்கு டிலக்சனாவின் படம்.
பன்னிரண்டு நிமிடம். பேச்சில்லை.
தீப்பெட்டியாலும் பால்மாப் பெட்டியாலும்
மூன்று வருடமாய் அவள் கட்டிய நகரம்.
ஜன்னலுக்கு ஜன்னல் குன்றிமணியளவு வெளிச்சம்.
அங்கே வீதிகள் தாமாக எழும்பி
வீடுகளைத் தேடிப் போகும்.
'இந்த ஊரில் இரவில் கதவைத் தட்டுவது வீதிகள் மட்டும்தான்'
என்று நிகழ்ச்சி நிரலில் எழுதியிருந்தாள்.

நாலாவது நிமிடம்
வெளிச்சத்துக்குள் ஒரு தோணி வந்தது.

சீனித்தம்பி அண்ணன். இறாலுக்குப் போகிறவர்.
அவருடைய நேரம் அது, அவருடைய தண்ணீர்.
எங்கள் அனுமதிக் கடிதத்தில் மாநகரசபை முத்திரை இருந்தது;
அவரிடம் யாரும் கேட்கவில்லை.
எழும்பி நின்றார்.
நிழல் ஏழு மாடி.
வீசினார்.

வலை விரிந்து நின்ற அந்த ஒரு கணம்
நகரமே கண் கண்ணாய்ப் பிரிந்தது.
ஒரு கண்ணுக்குள் மணிக்கூண்டு,
ஒரு கண்ணுக்குள் ஆஸ்பத்திரி,
ஓடிக்கொண்டிருந்த வீதி ஒன்று
விளிம்பில் சிக்கித் துடித்ததைப் பார்த்தோம்.
பார்த்தோமா இல்லையா என்று
இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை.

"ஓய், மறைக்காத!" என்றது ஒரு குரல்.
"சும்மா இரு கா," என்றாள் பின்னால் ஒருத்தி,
"இழுக்கட்டும், என்ன படுகுதெண்டு பாப்பம்."

என் விரல் நிறுத்தும் பொத்தானில்.
டிலக்சனாவைப் பார்த்தேன். நகம் கடித்தபடி
தலையை ஆட்டினாள்.
நிறுத்தாதே என்றாளா, விடாதே என்றாளா,
விளங்கவில்லை. ஓடவிட்டேன்.

இழுத்தார், மெதுவாக.
நிழல் சுருங்கச் சுருங்கத்
துணிக்கு நகரம் திரும்பி வந்தது
ஒன்றும் குறையாமல்.
எனக்கு மட்டும் ஒரு ஜன்னல் குறைவதாய்ப் பட்டது.
தோணிக்குள் உதறினார்:
ஆறு இறால், ஒரு மணலை, ஒரு யோகட் கப்.
பிறகு எங்கள் பக்கம் திரும்பிக்
கண் கூச, நெற்றியில் கைவைத்துக் கேட்டார்:
"ஆரடா லைட் அடிக்கிற? நேவியா?"

சிரித்தோம்.
பிறகு சிரிப்பு நின்றது.
வயது போனவர்கள் முதலில் நிறுத்தினார்கள்.

"படம் அண்ணே, படம்!"
சப்பாத்தோடு தண்ணீரில் இறங்கினான் இல்ஹாம்.
"அங்கால திரும்பிப் பாருங்க!"

திரும்பினார். சவளைக் குறுக்கே போட்டுக்கொண்டு
தோணி விளிம்பில் குந்தினார்,
எங்கள் எல்லோரையும் விடத் துணிக்குக் கிட்ட.
கடைசி வீதி வந்தது.
பாதி துணியில், பாதி அவர் முதுகில் ஏறி,
ஒரு கதவையும் தட்டாமல்
அப்படியே நின்றது.

மறுநாள் திரையிடலுக்கு முன்
பெயர்ப்பட்டியலில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள் டிலக்சனா.
சேர்த்தேன்:
'ஒளி மறைப்பு: சீனித்தம்பி.'
அந்த மணலையை யார் பொரித்தது என்பதை
எழுதவில்லை.