புஸ்வாணம்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
மின்வாரியக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுவேன்.
குன்னூரில், சிம்ஸ் பூங்காவுக்கு மேலே போகும் சந்து.
பதினேழு மீட்டர், பதினோரு நாய்.
குரலை வைத்தே கதவெண் சொல்வேன்.
லாப்ரடார் வாலால் வரவேற்கும்.
ராஜபாளையம் எழுந்து நிற்கும், அதுவே போதும்.
பதினாலாம் நம்பரில் மட்டும்
ஒரு தலையணை குரைக்கும்.

முழங்காலுக்கு எட்டாத உயரம்.
நடுவகிடு எடுத்த மயிர் இருபுறமும் தரையைப் பெருக்கும்.
கண் எங்கே என்று நான்தான் தேடவேண்டும்.
மெர்வின் சார் வைத்த பெயர் புஸ்வாணம்.
அருவங்காட்டு வெடிமருந்து ஆலையில் முப்பத்தெட்டு வருஷம்;
அவருக்கு முன்னாலேயே ரிடையர் ஆகிவிட்டன
காது இரண்டும்.

"லாசா அப்ஸோ," என்றார் நான் கேட்காமலே, உரக்க.
"திபெத்து மடத்து நாய்.
வெளிவாசலில் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒன்றைக் கட்டியிருப்பான்.
உள்வாசலில் இது.
படியில் செருப்புச் சத்தம் மாறினால் இதுக்குத்தான் முதலில் தெரியும்.
இது குரைக்கும், அது கடிக்கும்.
விலைக்குத் தரமாட்டார்களாம், மரியாதைக்குத்தான்.
பிறவி தவறிய பிக்குகள் இப்படி வந்து பிறப்பதாகவும் ஒரு பேச்சு."

புஸ்வாணம் என் காலணியை மோந்துகொண்டிருந்தது.
பிக்கு முகமில்லை அதற்கு.
செக்போஸ்ட் ஏட்டு முகம்.

"கடிக்கிற பெரியது எங்கே சார்?"
கேட்கவில்லை அவருக்கு.

ஒரு மார்கழிக் காலையில் காட்டெருமை வந்து
கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது.
நான் மீட்டர் பெட்டிக்குப் பின்னால்.
இது ஓடிப்போய் அதன் முன்னங்கால் நடுவில் நின்று
என்னைக் கேட்ட அதே கேள்வியைக் கேட்டது.
எருமை சாவகாசமாக யோசித்துவிட்டுப் போயிற்று.
அதற்கு எருமையும் ஒன்று, நானும் ஒன்று.

சான்றிதழை ஒருமுறை காட்டினார்.
நாலு தலைமுறை, அப்பன் வழி, ஆத்தாள் வழி,
பெட்டி பெட்டியாக முப்பது பெயர்.
எனக்குத் தாத்தாவோடு நின்றுவிடும்.
அவர் பெயரையும் ஹட்டன் தோட்டத்துச் செக்ரோலில்
தப்பாக எழுதிவிட்டார்கள்.
தலைமன்னாரில் கப்பலேறும்போது
அந்தத் தப்பையே ஒப்பித்தார் அப்பா.
மண்டபம் முகாமில் மேசைக்கு மேசை
யார் நீ, எந்த ஊர்?
நான் பிறந்தது கோத்தகிரி ஆஸ்பத்திரியில்.
கடைவீதியில் இன்னும் சிலோன்காரன்.

ஆறு வருஷத்தில் ஒரு தடவை வாலாட்டியதில்லை.
பிஸ்கட்டை வாங்கித் தின்றுமுடித்து,
உதட்டை நக்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து குரைக்கும்.
நேர்மையான பிராணி.

போன ஐப்பசியில் அந்த மீட்டர்
ஒன்பதே யூனிட் ஓடியிருந்தது.
கதவைத் திறந்தது பெங்களூரிலிருந்து வந்த தங்கை மகள்.
"சின்ன ஃப்ளாட் அண்ணா. குரைத்தால் அசோசியேஷன் விடாது."
அவருடைய நாற்காலிக்குக் கீழே இருந்தபடி
என்னைப் பார்த்துக் குரைத்தது.
பிறகு மேலே பார்த்தது.
இது குரைத்தால்தான் அவர் தலை வாசலுக்குத் திரும்பும்.
மறுபடி குரைத்தது.
மறுபடி மேலே பார்த்தது.

ரீடிங்கைப் பதிந்துவிட்டு
கருவியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.
பையில் நாய்.

இப்போது டேன்டீ லயத்தில், எங்கள் வீட்டில்.
கொழுந்தெடுத்துக் கறுத்த விரலால் செல்வமலர்
மயிரை வாரி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டாள்.
கண் தெரிகிறது. பழுப்பு.
அவள் மடியில் ஏறிக்கொள்கிறது கேட்காமல்.
மகளின் பள்ளிப்பை மேல் தூங்குகிறது.
நான் வேலை முடிந்து வரும்போது மட்டும்,
படியில் செருப்புச் சத்தம் கேட்டதும்,
உள்வாசலில் வந்து நின்று
யார் நீ, எந்த ஊர்?

"என் வீடுதான்டா," என்கிறேன்.
அது போதாது.
குளிரில், கதவுக்கு வெளியே,
குனிந்து இரண்டு கையையும் நீட்டுகிறேன்.
ஒவ்வொரு விரலாக மோந்து பார்க்கிறது.
தாள் கேட்பதில்லை.
வழி விடுகிறது.

நாளைக்கும் கேட்கும்.