பெயர் மாற்றம்

தஞ்சாவூர் புறவழிச்சாலை ஷோரூமில்
கழுத்தில் அட்டை தொங்கிய பையன்
ஹெரால்டை ஒரு சுற்றுச் சுற்றினான்.
கதவைத் திறக்கவில்லை.
"எக்ஸ்சேஞ்சில் அம்பது போடலாம் சார்,
லோடு வண்டி விலையிலேயே கழிச்சிடுவோம்,
ஒரே கையெழுத்து."
மடக்கு மூடி இருக்கிறதே, என்றேன்.
கணினியில் அதற்குக் கட்டம் இல்லையாம்.
'இதர' என்று தட்டினான்.

இருபத்தாறு வருஷம்
ஹரித்ராநதி நாலு கரையிலும்
மாப்பிள்ளை ஏற்றி ஊர்ந்தது இந்த இதர.
ஜானவாசத்தில் முதல் கியரைத் தாண்டியதில்லை.
நாதஸ்வரம் நின்றால் நிற்கும்.
கிளட்ச் தேய்ந்தது ஓடியல்ல,
காத்திருந்து.
இப்போது டிராக்டரில் வருகிறார்கள் மாப்பிள்ளைகள்.
வரட்டும். எனக்கு லோடு வண்டி வேண்டும்.

நானே விற்றுக்கொள்கிறேன் என்று
மன்னார்குடிக்குத் திருப்பினேன்.
பெட்ரோல் போக வர எண்ணூறு.

பிறகு ஆட்கள் வந்தார்கள்.
திருத்துறைப்பூண்டி ஒன்றியச் செயலாளர்
பின்சீட்டில் ஏறி நின்று
கும்பிட்டுப் பார்த்தார்.
எதிரே என் எருமை மட்டும் நின்றது.
இரண்டு லட்சம் தருகிறேன் என்றார்,
தேர்தல் முடிந்ததும்.
முத்துப்பேட்டை இறால் பண்ணைக்காரர்
டயரை உதைத்தார், பிறகு விலையை.
ஓட்டிப் பார்க்கிறேன் என்று போன ஒருவர்
வடுவூர் ஏரிக்கரையிலிருந்து போன் செய்தார்:
"பெட்ரோல் இல்லீங்களே?"
ஒருவன் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டான்,
விலையே கேட்கவில்லை.
எல்லாருக்கும் டீ.
நோட்டில் எழுதி வைத்தேன்: டீ, முந்நூற்றுப் பத்து.

"அம்பதை வாங்கியிருந்தா
இந்நேரம் செங்கல் ஏத்திட்டிருப்போம்" என்றாள் கமலவேணி.
ஐப்பசி வேறு பிறந்துவிட்டது.
மூடியின் மடிப்பில் எலி குட்டி போட்டிருந்தது.

மங்கையர்க்கரசி பஸ்ஸில் வந்தார்.
நீடாமங்கலத்தில் ரத்தப் பரிசோதனை லேப்.
டீ வேண்டாம் என்றார்.
ஆயில் கம்பியை உருவி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"எப்போ மாத்துனது?"
பொய் சொல்ல வாய் வரவில்லை.
பின்சீட்டின் இடது ஓரம்
சிகரெட் சுட்ட ஓட்டை ஒன்று.
அதில் சுண்டுவிரலை விட்டார்.
"இது அப்பவே இருந்துதா?"
எப்போது என்றேன்.
"ரெண்டாயிரத்து ஒம்போது, தை மாசம். மேல்கரை.
மாடியிலேர்ந்து பார்த்தேன்.
பொண்ணை இதுல ஏத்த மாட்டீங்களே."

யார் மாப்பிள்ளை என்று யோசித்தேன்.
எனக்கு எல்லா மாப்பிள்ளையும் ஒரே முதுகு,
கண்ணாடியில் ஒரே மாலை.

பிறகு விலை பேசினார்.
துக்கம் இருப்பவர் போலவே பேசவில்லை.
கிளட்சுக்கு ஆறு குறைத்தார்,
மூடிக்குப் பத்து,
எலிக்கு ஐந்நூறு.
ஒன்று நாற்பதில் நின்றது.
ரொக்கம், ரப்பர் பேண்ட் போட்டு.

படிவத்தில் மகன், மகள், மனைவி.
வேண்டாததை அடிக்க வேண்டும்.
மகனை ஒரு கோடு அடித்தார்.
மனைவியை அடித்ததில்
பேப்பர் கிழிந்தது.
வேறு படிவம் தரட்டுமா என்றேன்.
"இதுவே போதும்."

மூடி பாதிதான் ஏறும், சொல்லிவிட்டேன்.
தூறல் விழுந்துகொண்டிருந்தது.
அவர் அதைத் தொடவில்லை.
கரை முடியும்வரை
முதல் கியரிலேயே போனார்.

பதினாலு நாளில் பெயர் மாற்றுங்கள்,
இல்லையென்றால் எல்லாம் என் தலையில் விடியும்
என்று சொல்லித்தான் அனுப்பினேன்.
ஷோரூம் என்றால் இந்தத் தொல்லை இல்லை.
மூன்றாம் வாரம் ஒரு சலான் வந்தது என் பேருக்கு.
நாகப்பட்டினம் சாலை, காலை ஐந்து நாற்பது,
வேகம் எழுபத்தெட்டு.
எண்ணைத் திரும்பப் பார்த்தேன்.
என் வண்டிதான்.
படத்தில் மூடி இறங்கியிருந்தது,
பின்சீட்டில் யாருமில்லை.

போன் செய்ய எடுத்தேன். செய்யவில்லை.
ஆயிரம் ரூபாய், நானே கட்டினேன்.
கமலவேணிக்குத் தெரியாது.
நோட்டில்
டீக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறேன்:
இதர.