இரண்டாம் கியர்

ஊட்டிக்காரன் சிரிப்பான்
இதையும் மலையென்று சொன்னால்.
கேப்பர் மலை:
நாலு பனை உயரம் செம்மண்.

என் முதுகுக்குப் பின்னால்
ராமாபுரத்து வாழைத்தார் இருநூறு.
அவற்றுக்கு உயரம் தெரியாது,
சரிவு தெரியும்.

"நியூட்ரல்ல விட்டுடு, டீசல் மிச்சம்"
கிளம்பும்போதே சொன்னான்
தார்மேல் படுத்திருந்த இருதயராஜ்.
போன ஐப்பசியில்
அப்படி மிச்சம் பிடித்தவனின் கண்ணாடித் தூள்
இன்னும் மினுக்குகிறது வளைவில்.

உச்சியிலேயே இரண்டாம் கியர்.
வேலைக்குப் போக மனமில்லாதவன்போல்
முனகி முனகி இறங்குகிறது எஞ்சின்.
பின்னால் ஒரு பஸ்
ஹாரனால் திட்டுகிறது.
திட்டட்டும்.

உப்புக்காற்று முகத்தில் மோதும் இடத்தில்
ஓரங்கட்டிச் சக்கரத்தில் கை வைத்தேன்.
வைத்த கை
வைத்தபடி இருந்தது.

கண்ணைக் கசக்கி எழுந்த இருதயராஜ்
"மலை வந்துடுச்சா?" என்றான்.