கழுவிய தண்ணீர்

தார் எஸ் சலாமில் நான் பேருந்து கழுவுகிறவள்.
இரவு பத்துக்கு மேல் ஒவ்வொன்றாய் வந்து நிற்கும்,
நாளெல்லாம் சுமந்த வியர்வையும் புழுதியுமாய்.
ஒரு பேருந்துக்கு நான்கு வாளி.
ஆறு வந்தால் கணக்கே வேறு:
நாற்பது பேருந்தையும் ஒரே இரவில் கழுவிவிடும்,
உள்ளும் புறமும், இருக்கைப் பஞ்சு வரைக்கும்.
பிறகு அது விட்டுப்போன சேற்றை
நாங்கள் ஒன்பது நாள் கழுவுவோம்.

பணிமனைச் சுவரில் கோடுகள்.
முழங்காலளவில் ஒன்று. இடுப்பளவில் ஒன்று.
மூன்றாவது, ஓட்டுநர் ஷோமாரி
பேருந்துக் கூரையில் உட்கார்ந்தபடி கரியால் கிழித்தது.
அந்த ஏப்ரலில் நகரம் பதினோரு நாள் நடந்தே போனது.

அளவெடுக்க வந்த அனெத்
கவிழ்த்த வாளியின் மேல் வரைபடத்தை விரித்து
"தண்ணீர் முதலில் எங்கே வரும்?" என்றாள்.
சொல்லத் தெரியவில்லை.
பக்கத்து வாளியை எடுத்துக் கொட்டினேன்.
டீசல் மினுங்க வளைந்து,
பழைய குழியைச் சுற்றி,
கிழக்கு மூலைக்கு ஓடியது.
பின்னாலேயே ஓடினாள் அவள்,
ஒரு செருப்பை விட்டுவிட்டு.

சுவர் எழுப்புவார்கள் என்றிருந்தோம்.
பள்ளம் வெட்டினார்கள்.
கான்கிரீட்டைப் பெயர்த்து இடுக்கு விட்டுக் கல் பாவினார்கள்;
அடியில் ஜல்லி, அதனடியில் மணல்.
தடத்தின் ஓரமெல்லாம் கோரை.
பையன்களின் கால்பந்துத் திடலை
ஓர் ஆள் ஆழம் தாழ்த்தினார்கள்,
வெள்ளம் வந்தால் உட்கார.

முதல் இரவு எனக்குப் பிடிக்கவேயில்லை.
கழுவிய தண்ணீர் காலடியிலேயே காணாமல் போயிற்று.
பன்னிரண்டு வருடமாய்
என் அழுக்கு எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்து வந்தவள் நான்.
குனிந்து கல்லிடுக்கில் காது வைத்தேன்.
யாரோ சூடான டீயை
உறிஞ்சிக் குடிக்கிற சத்தம்.

இந்த மாசிகா மழை மூன்று நாள் விடவில்லை.
திடலில் கோல் கம்பங்கள் கழுத்தளவு நீரில் நின்றன;
ஆட்டம் தள்ளிவைப்பு என்று ஒரு பையன் அட்டை எழுதி மாட்டினான்.
கோரை படுத்தது, எழுந்தது.
நான்கு ஐம்பதுக்கு முதல் பேருந்து கிளம்பியது.
சுவரில் அடுத்த கோடு போட
யாரும் கரி தேடவில்லை.

பள்ளத்துக்காக இடித்த வீடுகளில்
ஜுஹுராவின் வீடும் ஒன்று.
பணம் கொடுத்தார்கள், காகிதம் கொடுத்தார்கள்.
நகரின் விளிம்பிலிருந்து இப்போது
தக்காளி விற்க இரண்டு பேருந்து மாறி வருகிறாள்,
நான் துடைத்த ஜன்னலோரம்.
வண்டி வளைவில் திரும்புகையில்
அவள் அடுப்பு இருந்த இடத்தில்
ஒரு கொக்கு நிற்கிறது.

நேற்று இறங்கும்போது சொன்னாள்:
"இந்த மழைக்கு வண்டி ஒருநாளும் நிற்கவில்லை."
பாராட்டா, புகாரா,
நான் கேட்கவில்லை.
அவள் கையில் திணித்த இரண்டு தக்காளியையும்
கழுவாமலே தின்றேன்.