பன்னிரண்டரைக்குப் பூட்டிவிடுவார்கள்

பேருந்து என்னை உதிர்த்துவிட்டுப் போனபோது
மணி பன்னிரண்டு இருபது.
சதுக்கத்தில் வெயிலைத் தவிர யாருமில்லை.
கறுப்பும் வெள்ளையுமாய்க் கல்வரிசை மாறிமாறி ஏறி
உச்சிக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது முகப்பு.
பணம் தீர்ந்த வருடத்தை
அந்த விளிம்பில் வாசித்துவிடலாம் போல.

வாசலின் இருபுறமும்
தூணை முதுகில் தாங்கிய சிங்கங்கள்.
செதுக்கியவன் சிங்கத்தைக் கண்டதில்லை.
அவனுக்குச் சொன்னவனும் கண்டிருக்க மாட்டான்.
பிள்ளையார் பிடிக்கப்போன கை
உள்ளூர் நாயைப் பிடித்து வந்திருக்கிறது:
தொங்கிய காது, கெஞ்சும் கண்,
கடைசி நேரத்தில் ஒட்டவைத்த பிடரி.
எத்தனையோ நூற்றாண்டுப் பிள்ளைகள் ஏறி வழுக்கி
மழுங்கிப்போன பின்முதுகில்
யாரோ கடித்து வைத்துப்போன பீச் பழம்.
எறும்பு.

உள்ளே
கண் பழகுமுன் மூக்கு பழகிவிட்டது:
மெழுகு, ஈரச் சுண்ணாம்பு, எலிமருந்து.
சாவிக்கொத்தோடு எதிரே வந்த பெண்
பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.
பிறகு கடிகாரத்தைப் பார்த்து
ஒரு விரலை மடக்கினாள்.

பக்கத்துச் சிற்றாலயத்தில் ஓர் இரும்புப் பெட்டி.
ஒரு யூரோ விழுங்கினால் இரண்டு நிமிடம் வெளிச்சம்.
இருந்தது ஒன்றுதான். போட்டேன்.
சுவர் முழுக்கக் கடைசித் தீர்ப்பு நாள்.

இடப்பக்கம் சொர்க்கம்.
அதாவது, சொர்க்கம் இருந்த இடம்.
கூரைத் தகட்டின் ஓட்டை வழியே இறங்கிய மழையில்
சுவர் பொருமி, பொருக்குப் பொருக்காய் உதிர்ந்து
மீட்கப்பட்டவர்களில் மிச்சம்
பதினொரு பாதங்கள்,
ஓர் எக்காளத்தின் வாய்,
யாருடையதென்று தெரியாத முழங்கை.

வலப்பக்கம் நரகம்.
ஒரு செதில் பெயரவில்லை.
கொப்பரை, கொக்கி, கங்கு,
நேற்றுப் பூசியதுபோல் சிவப்பு.
தொப்பி கழலாமல்
தலைகீழாய்ப் போகிறார் ஒரு பிஷப்.

டக்.
இருட்டு.

அவள் வந்தாள்.
தண்ணீர் வராத குழாயை அடிப்பதுபோல்
பெட்டியின் விலாவில் ஒரு குத்து விட்டாள்.
விளக்கு பயந்து எரிந்தது.
"அரை நிமிடம் கூடத் தரும். என் பெயர் துல்லியா.
கீழே பார், தராசோடு ஒருத்தி,
பேய் காதைத் திருகுகிறதே,
எடை குறைத்து ரொட்டி விற்றவள்,
அவள் எங்கள் வீட்டுப் பெண்."
சொல்லிவிட்டுச் சுவருக்குப் பக்கவாட்டில் முகத்தைத் திருப்பி
அசையாமல் நின்றாள்.
அதே வளைந்த மூக்கு.
"ஓவியன் கடன் கேட்டிருப்பான்.
இவள் கொடுத்திருக்க மாட்டாள்."

என் ஆறுமாத இத்தாலியனுக்கு எட்டியவரை
மீதிக் கதை இது:
பெருஜியாவிலிருந்து இரண்டு பேர் வந்தார்களாம்.
மருத்துவமனை ஊசியால் சுவருக்குள் பசை ஏற்றி
பதினொரு பாதத்துக்கும் நாற்பது நாள் வைத்தியம்.
புதிதாக வரைய மாட்டோம் என்றுவிட்டார்கள்.
காப்பி மட்டும் நிறையக் குடித்தார்கள்.

உதிர்ந்ததெல்லாம் எங்கே? என்றேன்.

முதன்முறையாக அவள் அவசரப்படவில்லை.
"பெருக்கினேன்.
முப்பது வருடம், தினமும் காலையில்.
சில நாள் வெறும் சுண்ணாம்பு.
சில நாள் முறத்தில் நீலம் தெரியும்.
அன்றைக்கு மட்டும் குப்பையில் போட மனம் வராது.
பின்னால் ஓர் அத்திமரம் இருக்கிறது,
அதன் தூரில் கொட்டுவேன்."

பழம் எப்படி?

"சுமார்தான்.
தோல் கொஞ்சம் கெட்டி."

மறுபடி டக்.
இந்த முறை அவள் குத்தவில்லை.
இருட்டில் அவளுடைய சாவிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு
வெளியே வந்தேன்.
கதவு மூன்று முறை பூட்டிக்கொண்டது.

அடுத்த பேருந்து மூன்றுக்கு.
ஊர் ஒவ்வொரு ஷட்டராய்க் கண்ணை மூடியது.
நாயின் நிழல் ஒரு முழம் இருந்தது,
அதில் ஒண்டி உட்கார்ந்தேன்.
எறும்புகள் அதற்குள்
கொட்டைவரை வந்திருந்தன.