வாகனத் தளத்துக்கு வரவும்

சூல்ஃப்ரிட் மழலையர் பள்ளியில்
கோட்டுக் கொக்கிகளுக்கு மேலே பெயர் எழுதுகிறவள்.
இந்த ஆண்டு நோவாக்கள் நால்வர்,
பேழைதான் இல்லை.
யாகோப்கள் மூவர்;
ஆளுக்கொரு எழுத்து ஒட்டி
வால் வைத்திருக்கிறார்கள்.
"என் பிள்ளைக்கு வால் வேண்டாம்"
என்றாள் ஏழாம் மாதத்தில்,
நான் காலுறை மாட்டிவிடும்போது.
வாலில்லாத பிள்ளை எங்கே இருக்கிறது
என்று கேட்கவில்லை. குனிந்திருந்தேன்.

புதிதாய்ப் புனைந்ததும் ஆகாது.
நான் சொன்ன ஒன்றை
தவணையில் வாங்கிய சோபாவின் பெயர் என்றாள்.
பழசாக இருக்க வேண்டும்,
பாசி பிடித்திருக்கக் கூடாது.

மாமியார் தோர்கில்ஸ் என்றார்.
அவர் தந்த பூச்சாடிகளைப் போலவே அதையும்
நன்றி சொல்லி
அலமாரியின் பின்வரிசையில் வைத்தோம்.
அப்பாவிடமிருந்து ஒரே சொல்லில் செய்தி: "ஷூர்."
அடுத்த செய்தி: "காட் மீன் வேண்டுமா?"
படகுத்துறையில் நின்று
ஷூர் என்று சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன்.
ஒரு நாய் வந்தது.
நல்ல நாய்.
ஆனாலும்.

நான் ஃபெரியில் கார்களுக்குக் கை காட்டுகிறவன்.
பிப்ரவரி, ஃபியோர்டின் கடைசி நடை,
ஒலிபெருக்கி கைக்கெட்டும் தூரத்தில்.
"யாகோப் என்பவர் வாகனத் தளத்துக்கு வரவும்.
உங்கள் விளக்கு எரிகிறது."
ஐந்து பேர் இறங்கி ஓடிவந்தார்கள்,
அதில் ஒருவர் கார் கொண்டுவராதவர்.

மறுநாள் தோர்கில்ஸ்.
யாரும் வரவில்லை.
சமையலறையில் யாரோ சிரித்தது மட்டும் கேட்டது.
படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்;
யாருமே இறங்கி வராத ஒரு பெயரைக்
கையளவு உடம்புக்குக் கொடுப்பது
கொஞ்சம் பயமாக இருந்தது.

வியாழன், எதிர்க்காற்று.
"ஆமுன் என்பவர் வாகனத் தளத்துக்கு..."
ஆ என்று வாய் திறந்ததுமே
காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனது.
ஒரே ஒருவன் வந்தான்.
சால்மன் லாரி ஓட்டுபவன், முப்பது இருக்கும்,
கையில் பாதி வாஃபிள்.
லாரி இருட்டாக நிற்பதைப் பார்த்தான்,
பிறகு என்னை.

உண்மையைச் சொன்னேன்.
வாஃபிளை மென்று முடிக்கும்வரை பேசவில்லை.
"பள்ளியில் நான் ஒருத்தன்தான்.
ஜன்னல் உடைந்தால்
யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.
இரண்டுதான் நான் உடைத்தது,
அடி வாங்கியது ஏழுக்கு."
"அப்போ வேண்டாம் என்கிறாயா?"
"அப்படிச் சொன்னேனா?"
மேலே போய்விட்டான், காபி ஆறுமே.

வீட்டில் சொன்னதும் அப்பா போனிலேயே வந்துவிட்டார்.
அவர் சித்தப்பா ஒருவர் ஆமுனாம்;
பங்குப் படகை விற்றுப் பணத்தோடு
பெர்கனுக்குப் போனவராம்.
பழைய பெயர் என்றால் இப்படித்தான்,
முன்பு உடுத்தியவரின் சட்டைப்பையில்
ஏதாவது கிடக்கும்.
சூல்ஃப்ரிட் வயிற்றின் மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டபடி
"படகு எவ்வளவுக்குப் போனதாம்?" என்றாள்.
அவ்வளவுதான் விவாதம்.

கேப்டன் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்:
ஒலிபெருக்கி சொந்த உபயோகத்துக்கு அல்ல.
கீழே, பேனாவால், வாழ்த்துகள்.

பெயர்ப் படிவத்தில் கடைசியில் ஒரு 'டி' போட்டோம்.
எழுதுவோம், சொல்ல மாட்டோம்;
எங்கள் மொழியில் அது அப்படி.
கூப்பிடுகிறவர்கள் எடுத்தது போக
அவனுக்கென்று ஓர் எழுத்து மிச்சம்.

இரவு மூன்று மணி.
பால் குடித்துவிட்டுக் கூரையை முறைத்துக்கொண்டிருக்கிறான்.
மெதுவாக, ஒலிபெருக்கி இல்லாமல்,
ஆமுன் என்கிறேன்.
திரும்பவில்லை.
இன்னொரு முறை.
இல்லை.
விளக்கு எரிந்தபடி இருக்கிறது.